தேடினால் கிடைக்காதவர்கள்: பழைய செய்தித்தாள்களும் நம் வரலாறும்



யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர், தம் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டியை விட்டுச் சென்றார். நாற்பது ஆண்டுகளாக அவர் கத்தரித்துச் சேர்த்த செய்திகள் அதில் இருந்தன. குடும்பத்தார் அதை நம் மன்றத்திடம் ஒப்படைத்தபோது பெரும் புதையல் கிடைத்ததாகவே நினைத்தோம். பிரித்துப் பார்த்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. தோழர் செய்தியை ஒட்ட ஒட்ட வெட்டியிருந்தார். எந்தத் தாள், எந்தத் தேதி என்பது முக்கால்வாசித் துணுக்குகளில் இல்லை. அவருக்கு எல்லாம் நினைவில் இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது.

அந்தப் பெட்டியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துணுக்கு. திருமங்கலம் தாலுகாவில் ஒரு கிராமத்தில் பொதுக் கிணற்றில் ‘அரிஜனப் பெண்கள்’ தண்ணீர் எடுக்கப் போனதால் தகராறு, சிலருக்குக் காயம், போலீசார் முகாமிட்டிருக்கிறார்கள் என்கிறது. ஆறே வரி. ஊர்ப் பெயர் இருக்கிறது. அந்த ஊரில் இன்றும் இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் இருப்பதால் அதை இங்கே சொல்லவில்லை. பெண்களின் பெயர் துணுக்கில் இல்லை. அவர்களில் ஒருவர் நம் தோழரின் தாயார். குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும். எந்த ஆண்டு என்று கேட்டால் ஒருவர் காமராசர் காலம் என்றார், இன்னொருவர் அதற்கும் முந்தி என்றார், மூன்றாமவர் அண்ணா முதல்வரான பிறகு என்று அடித்துச் சொன்னார்.

“இதென்ன, இணையத்தில் போட்டால் வந்துவிடும்” என்றார்கள் நம் மன்றத்துக் கல்லூரி மாணவர்கள். அந்த நம்பிக்கையோடு தொடங்கிய தேடலில் நாங்கள் கண்டதையும் காணாததையும் சொல்வதுதான் இந்த உரை.

முதலில், என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உலகின் பழைய செய்தித்தாள்கள் பல ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 1845இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ முதற்கொண்டு பல தாள்களைத் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’ யாருக்கும் இலவசம். கூகுள் சில ஆண்டுகள் செய்தித்தாள்களை ஸ்கேன் செய்துவிட்டு 2011இல் நிறுத்திக்கொண்டது. ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பழைய தாள்கள் பலவற்றை அதில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். தமிழுக்குத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ தளமும் உள்ளன. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. இன்னொரு பக்கம், பெரிய ஆங்கிலத் தாள்கள் சிலவற்றின் மின்தொகுப்பு பல்கலைக்கழகச் சந்தா இல்லாமல் திறக்காது. திருமங்கலத்திலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளையிடம் அந்தச் சாவி இல்லை. ஆனால் திறந்திருக்கும் கதவுகளுக்குள் நுழைந்தாலும் நாம் உடனே கண்ணில் படுவதில்லை. அதற்குக் காரணம் வேறு.

பெட்டியிலிருந்த வேறு துணுக்குகள் சில இன்னும் பழைய காலத்தவை. அவற்றுக்காக ஆங்கிலத் தாள்களில் முதலில் தேடிய சொல், ‘பறையர்’ என்பதை வெள்ளையர் எழுதிய ‘பரையா’. ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்தன. மாணவர்கள் உற்சாகமாகத் திறந்தார்கள். முதல் பக்கம் முழுவதும் நாய். தெருநாயைக் குறிக்க ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைத்தான் அடைமொழியாக வைத்திருந்தார்கள். தெருநாய்களைக் கொல்வது பற்றிய நகராட்சிச் செய்தி, நாய் கடித்த செய்தி, நாயைப் பற்றி ஆசிரியருக்குக் கடிதம். அடுத்து, பருந்து. அதற்கும் அதே அடைமொழி. அடுத்து, ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் ஐரோப்பிய அரசியல்வாதிகளைப் பற்றி. மனிதர்களைப் பற்றிய செய்தி எங்கோ நாற்பதாவது முடிவாக வந்தது. கணினி முன் இருந்த தங்கை ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று அதற்கு மேல் தேடவில்லை.

மறுநாள் வேறுவிதமாக உட்கார்ந்தோம். ஒவ்வொரு காலத்திலும் நம்மை யார், என்ன பெயரில் எழுதினார்கள் என்று ஒரு தாளில் ஆண்டுவாரியாக எழுதினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு ஏடுகளிலும் தாள்களிலும் ‘பஞ்சமர்’ வருகிறது. சேரியை ஆங்கிலேயர் ‘பார்ச்சேரி’ என்று ஒரே சொல்லாக்கி எழுதினார்கள். 1922 சனவரியில் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தையொட்டிப் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ ஆகியவை அரசு வழக்கிலிருந்து நீக்கப்பட்டு ‘ஆதிதிராவிடர்’ வந்தது. அதே காலத்தில் ‘டிப்ரஸ்டு கிளாஸஸ்’ என்ற ஆங்கிலத் தொடரும் ஓடுகிறது. பூனா ஒப்பந்தம் 1932 செப்டம்பரில். 1933 பிப்ரவரியில் காந்தி ‘ஹரிஜன்’ இதழைத் தொடங்குகிறார். அதன் பிறகு தாள்களில் அந்தச் சொல் வெள்ளமாகப் பாய்கிறது. 1935 சட்டத்தோடு ‘ஷெட்யூல்டு கேஸ்ட்’. அருந்ததியர் வரலாற்றைத் தேடும் மாணவர், ‘சக்கிலியர்’ என்பதைச் சிதைத்து ஆங்கிலேயர் எழுதிய ‘சக்ளர்’ என்ற சொல்லைப் போட்டால்தான் பழைய தாள் திறக்கும். இல்லையென்றால் 1920களில் சட்டமன்றத்தில் பேசிய எல்.சி. குருசாமியின் பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். ‘தலித்’ என்று தேடினால் ஐம்பதாண்டுக்கு முந்தைய தமிழ்நாட்டுத் தாள்களில் நாம் அநேகமாக இல்லவே இல்லை.

நம்மை இழிவுபடுத்திய சொல்லை நாமே தட்டச்சு செய்தால்தான் நம் பாட்டன் வெளியே வருகிறான். இதைச் செய்யத்தான் வேண்டுமா என்று மன்றத்தில் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. செய்யத்தான் வேண்டும் என்பது எங்கள் முடிவு. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தோம்: தேடும்போது அவர்கள் சொல், எழுதும்போது நம் சொல்.

அடுத்த சிக்கல் ஊர்ப் பெயர். மதுரையை அன்று ஆங்கிலத்தில் ‘மதுரா’ என்று எழுதினார்கள். சிங்கப்பூர்த் தாள்களில் ‘மதுரா’ என்று தேடினால் ஜாவாவுக்கு அருகிலுள்ள மதுராத் தீவு வருகிறது. அந்தப் பெயரில் ஓடிய கப்பல் வருகிறது. என்று வந்தது, என்று புறப்பட்டது என நூற்றுக்கணக்கில். ராமநாதபுரம் ‘ராம்நாடு’. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரனின் பெயரை இன்று நாம் எழுதும் எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுகிறவர் ஏமாந்துபோவார். ‘எ’யில் தொடங்கிப் பாருங்கள், பெயரை விட்டுவிட்டு ‘முதுகுளத்தூர்’ என்று பாருங்கள், ‘ராம்நாடு’ என்று பாருங்கள்.

திருமங்கலத்துக்கு இதைவிடத் தொல்லை. சென்னை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு திருமங்கலம். லால்குடிக்கு அருகே ஒரு திருமங்கலம். எங்கள் ஊரின் பழைய பஞ்சமர் பள்ளி ஒன்றைப் பற்றி அருமையான செய்தி கிடைத்ததென்று ஒரு கூட்டத்தில் அறிவித்தும்விட்டோம். கைதட்டல் எல்லாம் முடிந்து, முழுப் பக்கத்தையும் திறந்து மேலே இருந்த தலைப்பைப் படித்தபோதுதான் அது திருச்சி மாவட்டச் செய்தி என்று தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று திருத்திச் சொன்னோம். வெட்கமாகத்தான் இருந்தது. தேடல் முடிவாக வரும் இரண்டு வரியை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள் என்று மாணவர்களுக்கு இப்போது சொல்வது, பட்டறிந்துதான்.

எல்லையும் மாறுகிறது. பழைய தாளில் ‘திருமங்கலம் தாலுகா’ என்றால் இன்றைய உசிலம்பட்டிப் பக்கமும் அதில் அடங்கும். 1920 ஏப்ரல் 3 அன்று குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற பிறமலைக் கள்ளர்களைப் போலீசார் சுட்டுக் கொன்ற பெருங்காமநல்லூர், அன்றைய திருமங்கலம் தாலுகாதான். ஆக அந்தக் காலத்துத் தாளில் நம் தாலுகாவைத் தேடினால் போலீசும் ரேகைச் சட்டமும் நிறைய வரும். அந்த ஊர்களிலெல்லாம் சேரிகளும் இருந்தன. அவற்றைப் பற்றிய பேச்சைத் தேடித் துழாவ வேண்டியிருக்கிறது.

தமிழ்த் தாள்களில் தேடுவது வேறு வேலை. ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் ஓ.சி.ஆர். மென்பொருள் இப்போது தமிழையும் படிக்கிறது. ஆனால் பழைய அச்சில் தடுமாறுகிறது. 1978இல் அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. 1935இலேயே பெரியார் தம் ஏடுகளில் அவற்றை மாற்றிவிட்டார். மற்றவர்கள் பழைய கொம்பையே வைத்திருந்தார்கள். ணை, லை, ளை, னை என்பவை அவற்றில் சில. கொலை, வேலை, பண்ணை, விடுதலை. நம் வரலாற்றைத் தேட இந்த நான்கு சொல்லைவிட வேறென்ன வேண்டும்? நான்கிலும் அந்த எழுத்து இருக்கிறது. மென்பொருள் தடுக்கி விழுவதும் அந்த இடத்தில்தான்.

போதாததற்குத் தமிழ்த் தாளின் பத்தி குறுகலானது. சொல்லை வரிக் கடைசியில் எந்தக் குறியும் இல்லாமல் உடைத்துவிடுவார்கள். ‘திருமங்’ மேல் வரியில், ‘கலம்’ கீழ் வரியில். முழுச் சொல்லைக் கேட்டால் கணினி இல்லை என்று சொல்லிவிடும். பிற்காலச் சொல்லை முற்காலத்தில் தேடுவதும் பயனில்லை. ‘கோயில் நுழைவு’ என்று தேடுகிறவர் ‘ஆலயப் பிரவேசம்’ என்றும் தேட வேண்டும். ட்ரோவ் தளத்தில் ஒரு வசதி உண்டு: மென்பொருள் தப்பாகப் படித்ததை வாசகர்களே திருத்தலாம், திருத்தம் நிலைக்கும், அடுத்தவருக்குப் பயன்படும். நம் ஊர்களில் எழுதப் படிக்கத் தெரிந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! தமிழ்த் தாள்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் முதல் ஆளாக எங்கள் மன்றம் நிற்கும்.

இதுவரை சொன்னது, தாள் இருந்து சொல் கிடைக்காத கதை. தாளே இல்லாத கதை இன்னும் பெரியது.

1869இல் ‘சூரியோதயம்’, 1871இல் ‘பஞ்சமன்’, 1885இல் ‘திராவிட பாண்டியன்’, 1893 அக்டோபரில் ரெட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’ என்று வரிசையாக நம்மவர் இதழ்கள் வெளிவந்திருக்கின்றன. ‘பறையன்’ முதல் இதழின் 400 பிரதிகளும் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன என்று சீனிவாசன் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். அந்தப் பிரதிகளைத் தேடிப் போனால் கைவிரிக்கிறார்கள். அப்படியிருக்க இந்த இதழ்களைப் பற்றி எப்படித் தெரியவந்தது? ஆங்கில அரசு நாட்டுமொழித் தாள்களை வேவு பார்த்ததால். சென்னை மாகாண அரசு, மொழிபெயர்ப்பாளர்களை வைத்துத் தமிழ், தெலுங்குத் தாள்களில் வந்ததைச் சுருக்கி, ஆங்கிலத்தில் அறிக்கையாக அச்சிட்டு அதிகாரிகளுக்குள் சுற்றுக்கு விட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் அவை இருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிக்கும் ஜெ. பாலசுப்பிரமணியம் இத்தகைய அறிக்கைகளையெல்லாம் துருவி ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூலை எழுதியிருக்கிறார். 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களின் கணக்கு அதில் இருக்கிறது. மாணவர்கள் அந்த நூலிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வோம்.

ஆனால் போலீஸ்காரன் கண்ணாடி போட்டுப் படித்தது அது என்பதை மறக்கலாகாது. அரசுக்கு எது தேவையோ, எது தொல்லையோ, அதை மட்டும் மொழிபெயர்ப்பாளர் எடுத்தார். அதிகாரி மீது புகாரா, உண்டு. காங்கிரசைப் பற்றிய கண்டனமா, உண்டு. இரவுப் பள்ளிக்கூடம் திறந்தது, கலியாணம் நடந்தது, வாசகர் சந்தா அனுப்பியது, ஒரு பாட்டு, ஒரு கேலி, இவையெல்லாம் அவருக்குத் தேவையில்லை. நான்கு பக்கத் தாள் நான்கு வரி ஆங்கிலமாகச் சுண்டிவிட்டது. அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு ‘அக்காலத் தலித் இதழ்கள் அரசிடம் மனுப்போடுவதையே பேசின’ என்று யாராவது எழுதினால், அது மொழிபெயர்ப்பாளரின் கைவரிசை என்று பதில் சொல்லுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’. 1907 சூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி, ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ ஆகி, 1914 மே மாதம் அவர் மறையும் வரை வாரந்தோறும் வந்தது. பெரிய நூலகங்கள் அதைப் பொருட்படுத்திச் சேர்க்கவில்லை. சேர்த்தவர்கள் வாசகர்கள். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை உடைத்த தொழிலாளிகள், பௌத்த சங்கத்துக் குடும்பங்கள், அன்பு பொன்னோவியம் போன்ற தனி மனிதர்கள். அந்த இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகு தமிழ்நாட்டின் அறிவுலக வரலாற்றையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. 85 ஆண்டுகள் அது சுரங்கத் தொழிலாளி வீட்டு அலமாரியில் காத்திருந்தது. நம் தோழரின் தகரப் பெட்டியையும் நாங்கள் இந்த வரிசையில்தான் வைக்கிறோம்.

கிடைத்த தாளைப் படிப்பது எப்படி என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. 1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம். ‘வேலைநிறுத்தம்’ என்று தேடினால் தொழிற்சங்க வரலாறு கிடைக்கும். ‘புளியந்தோப்பு’ என்று தேடினால் எரிந்த சேரி கிடைக்கும். வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களைத் துரோகிகள் என்றது தேசியவாதிகள் தரப்பு. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததே காரணம் என்றார்கள் நீதிக்கட்சித் தலைவர்கள். எதிரெதிர் முகாம்கள், குற்றவாளிக் கூண்டில் மட்டும் ஒரே ஆள். ஒரு தாளை மட்டும் படித்திருந்தால் இது தெரியாது.

நம் மதுரைக்கு வருவோம். 1939 சூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்கள் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூரணலிங்கம், முத்து. கூடவே சண்முக நாடார். தேடிப் பாருங்கள். ஐயர் பெயருக்கு முடிவுகள் குவியும். கக்கன் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் ஆனதால் அவரும் கிடைப்பார். முருகானந்தம் யார்? முத்து யார்? ‘முத்து’ என்று ஒரு தேடுபெட்டியில் போட்டு ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியுமா? அடி விழுமோ என்ற அச்சத்தோடு வாசல்படி தாண்டிய கால்கள் அவர்களுடையவை. அவர்களுடைய ஊர், தெரு, வாரிசு என்று நடந்துபோய்க் கேட்டுத்தான் இதை நிரப்ப வேண்டும். கணினி இங்கே உதவாது.

இனி நம் ஆறு வரித் துணுக்கு. ‘கிணறு’, ‘அரிஜன்’, ‘ஹரிஜன்’, ‘திருமங்கலம்’, ஊர்ப் பெயரின் ஐந்து விதமான ஆங்கிலக் கூட்டல் என்று இரண்டு மாதம் மாலை வேளைகளில் தேடினோம். ஒன்றும் சிக்கவில்லை. ஒருநாள் அந்தத் தங்கை, நாய்ச் செய்திகளைப் பார்த்து எழுந்துபோனவர்தான், துணுக்கைத் திருப்பிப் போட்டார். அத்தனை நாளும் நாங்கள் அதன் மறுபக்கத்தைப் பார்க்கவே இல்லை!

மறுபக்கத்தில் பாதி அறுந்த சினிமா விளம்பரம். ‘நாடோடி மன்னன்’, நாளை முதல். அந்தப் படம் வெளியானது 1958 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. அப்படியானால் தாள் 21ஆம் தேதி. உடனே துள்ளவில்லை, லால்குடி எங்களுக்குப் பாடம் சொல்லியிருந்தது. எம்.ஜி.ஆர். படம் எத்தனை முறை மறுபடி மறுபடி வந்தது என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்தின் பக்கத்தில் இன்னொரு துண்டு விளம்பரம், ஏதோ பல்பொடி, விலை ‘ந.பை.’யில் இருந்தது. நயா பைசா என்று சொன்னது 1957 ஏப்ரல் முதல் 1964 வரைதான். ‘முற்றிலும் புதிய’ என்ற எழுத்துகளும் விளம்பரத்தில் பாதி தெரிந்தன. 1958 ஆகஸ்ட் என்று எழுதலாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு என்று முடிவு செய்தோம். வயதான தையல்காரர் ஒருவர் அந்தக் கேள்விக்குறியைச் சிறிதாக்கினார். கிணற்றுத் தகராறு நடந்த வாரத்தில் தான் நாடோடி மன்னன் பார்க்க மதுரைக்கு நடந்துபோனதாகவும், திரும்பி வரும்போது ஊர் முனையில் போலீஸ் நின்றதாகவும் சொன்னார்.

1958 என்றால் கதையே மாறுகிறது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 சூன் முதல் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே அந்தப் பெண்கள் ‘தகராறு’ செய்யவில்லை. மூன்றாண்டாக இருந்த சட்டத்தின்படி தண்ணீர் எடுத்தார்கள். முதுகுளத்தூர் எரிந்து ஓராண்டு ஆகாத நேரம் அது. தெற்கே சேரிக்குச் சேரி பயம் படுத்திருந்தபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

தேதி கிடைத்ததும் அந்த வாரத்து ஆங்கிலத் தாள்களில் இணையத்தில் கிடைத்ததையெல்லாம், தேடுபெட்டியை மூடிவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினோம். மூன்று இரவு. அந்தச் செய்தி இல்லை. அந்தத் தமிழ்த் தாளின் அந்த நாள் இதழும் நாங்கள் போன எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை. இன்றைய நிலையில் நாங்கள் அறிந்தவரை, தோழரின் பெட்டியில் இருப்பதுதான் ஒரே பிரதி.

அதை இருபுறமும் ஸ்கேன் செய்தோம். இந்த நினைவுரை நூலின் பின்னட்டை உள்பக்கத்தில் அதை அச்சிட்டிருக்கிறோம், ஊர்ப் பெயரை மட்டும் மறைத்து. அசல் துணுக்கோடு சேர்த்துப் பெட்டியில் ஒரு அட்டையை வைத்தோம். அதில் தேதியும் கேள்விக்குறியும், தையல்காரர் சொன்னதும், எந்தெந்தத் தாள்களில் தேடிக் கிடைக்கவில்லை என்பதும் இருக்கின்றன. அட்டையின் தலைப்பில் அன்று குடம் எடுத்துப் போன மூன்று பெண்களின் பெயர். ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சொல்லச் சொல்ல எழுதியது. மூன்றாவது பெயரில் இருவருக்குள் கருத்து வேறுபாடு இருந்ததால் இரண்டு பெயரையும் எழுதியிருக்கிறோம்.